தாவூஸ் அக்காவும் கடல் சளியும்

காறித் துப்பியது போல இருக்கும். அதைவிட நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளங்கை அகலம், நிறம் கிடையாது, எலும்பு கிடையாது, தலை எது வால் எது என்று தெரியாது. அள்ளினால் விரல் இடுக்கு வழியாக வழிந்துவிடும்; கையில் வழவழப்பு மட்டும் மிஞ்சும். படித்தவர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் துறைமுகத்தில் கில்கா என்னும் பொடிமீன் பிடிக்கிறவர்கள் சளி என்றார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடிக்காது, கொட்டாது, விரட்டினால் ஓடாது. கடித்தாலாவது எதிரி என்று மதிக்கலாம். தின்னும், முட்டை போடும், மறுபடி தின்னும். கருங்கடலில் ஏதோ ஒரு கப்பலின் வயிற்றுத் தண்ணீரில் ஏறி, ரஷ்ய ஆறுகள் வழியாக எங்கள் கஸ்பியனுக்கு வந்து இறங்கியது. எங்கள் கடலுக்கு வெளியே போக வாசல் இல்லை. வந்தது வந்ததுதான். கில்கா தின்ன வேண்டிய பொடிப் பூச்சிகளை முதலில் தின்று தீர்த்தது. பிறகு கில்காவின் முட்டையையே தின்றது. விரல் நீளக் கில்கா மீன் லாரி லாரியாக ஏறிய துறையில் மூன்றே வருஷத்தில் பூனைகூடப் பட்டினி கிடந்தது. மீன்மாவுத் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். அதன் நாற்றம் போய்விட்டதே என்று ஊரே அழுதது. நாற்றத்துக்காக அழுத ஊர் எங்கள் ஊர்தான்.

என் பெயர் இஸ்கந்தர். துறைமுகத்தை ஒட்டி இருக்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் பம்ப் ஓட்டுகிறவன். கடல் தண்ணீரை ஏற்றுவது, தொட்டிகளைத் தேய்ப்பது, வேன் ஓட்டுவது, திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. தாவூஸ் அக்காவைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது. கடலைக் காப்பாற்ற வந்த பிராணிகளைத் தன் கழுவல் கிறுக்கால் கொன்ற பொம்பளை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. நடந்ததைச் சொன்னால் கோபப்படக்கூடிய மனிதர் இப்போது இல்லை. அதனால் சொல்கிறேன்.

தாவூஸ் என்றால் மயில். அக்காவிடம் மயிலின் சாயல் எதுவும் கிடையாது. குட்டை, பருமன், தலைத்துணியைப் பின்கழுத்தில் இறுக்கி முடிந்திருப்பார். கைகள் மட்டும் பார்க்கச் சகிக்காது. கழுவிக் கழுவித் தோல் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்து, அந்த ரத்தம் தீட்டு என்று மறுபடி கழுவி... ரொட்டிக் கடையிலிருந்து வந்த துணியைக் கழுவுவார். மீட்டர் பார்க்க வந்தவன் தொட்ட கதவுப் பிடியைக் கழுவுவார். தொழுகைக்கு முன்னால் அவர் கை கால் கழுவி முடிப்பதற்குள் மற்றவர்கள் தொழுது முடித்து டீயும் குடித்துவிடுவார்கள். “அக்கா வீட்டுக் கோழி கால் கழுவாம முட்டை போடாது” என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர் காதில் விழும்படியேதான் பேசுவார்கள்.

அவருடைய கணவர் ஷாபான் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு கில்காப் படகு. ஐந்து பேர் அவரோடு போவார்கள். விளக்கைக் கடலுக்குள் இறக்கி, வெளிச்சத்துக்கு மீன் கூடியதும் கூம்பு வலையைத் தூக்குவதுதான் எங்கள் பக்கத்துப் பிடி. வலை இப்போதும் கனமாகத்தான் மேலே வந்தது. கனத்தைப் பார்த்து ஆட்கள் உற்சாகமாக இழுப்பார்கள். பிரித்துக் கொட்டினால் தளம் முழுக்கச் சளி. தாடியில், பூட்ஸுக்குள், டீக்கெண்டி மூடியில் எல்லாம் சளி. நடுவில் ஏழெட்டுக் கில்கா மீன் மூச்சுத் திணறிக் கிடக்கும். என்ஜினைக் குளிரவைக்கும் குழாயை அது அடைத்துக்கொண்டு இரண்டு முறை என்ஜினே நின்றுபோனது. ஒருநாள் அண்ணன் கரையேறியதும் வலையை அப்படியே விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். முப்பது வருஷம் கடலில் கிடந்த மனிதர். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஐந்து பேரும் ஒவ்வொருவராகத் தெற்கே போனார்கள். வளைகுடாக் கரையில் எரிவாயு ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஆள் எவ்வளவு போனாலும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனும் போவதாகச் சொன்னார். என்ஜினைக் கழற்றி வாங்கிக்கொள்ள ஒருவன் தயாராக இருந்தான். அக்காவுக்குப் பாதி உயிர் போனது அந்தப் பேச்சில்தான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அண்ணனுக்கு நெஞ்சு அடைத்து, பாபோல் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். கனம் தூக்காதே, வெயிலில் நிற்காதே என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தெற்கே நிழலிலேயே ஐம்பது டிகிரி. அங்கே போய் இரும்புக் குழாய் தூக்கப்போகிறாராம்.

“போனா பெட்டியிலதான் திரும்பி வருவீங்க” என்று அக்கா சொன்னார்.

“இங்க இருந்தா மட்டும் என்ன, இந்தச் சளியத் தின்னா உயிர் வாழ்றது?” என்றார் அண்ணன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கூடத்துக்கு டாக்டர் நவாயி வந்தார். கடல் உயிர்கள் பற்றிப் படித்த பெண்மணி, நாற்பது வயது, சிகரெட் பிடிப்பதை எங்களிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. கருங்கடலிலும் இந்தச் சளி பெருகி மீனை அழித்திருக்கிறது. பிறகு அங்கே அதே இனத்தில் இன்னொன்று வந்து சேர்ந்தது. அதற்குச் சாப்பாடே இந்தச் சளிதான், வேறெதையும் தொடாது. அது வந்ததும் சளி குறைந்து மீன் திரும்பிவிட்டது. அதைக் கொண்டுவந்து நம் கடல் தண்ணீரில் வாழுமா, குஞ்சு பொரிக்குமா என்று பார்க்க வேண்டும். நம் தண்ணீரில் உப்பு குறைவு என்பதுதான் பயம். குஞ்சுகள் ஏழு நாள் உயிரோடு இருந்தால் போதும், கடலைச் சுற்றியுள்ள ஐந்து நாட்டுக்காரர்களின் கூட்டத்தில் அனுமதி கேட்கலாம்.

துருக்கியிலிருந்து விமானத்தில் வந்த பெட்டிகளைத் தெஹ்ரானிலிருந்து மலைப்பாதை வழியாக வேனில் கொண்டுவந்தவன் நான்தான். வளைவுக்கு வளைவு டாக்டர் “மெதுவா, மெதுவா” என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். இவ்வளவு பத்திரமாக என் பெண்டாட்டியைக்கூடப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதில்லை. கூடத்தில் திறந்து பார்த்தேன். இன்னொரு சளி. இது கொஞ்சம் பெரிசு, வெளிர் ரோஸ் நிறம், வாய் தைக்காத பை. அவ்வளவுதான்.

“இதுக்கா டாக்டரம்மா இந்தப் பாடு? சளியோட அண்ணன் மாதிரில்ல இருக்கு!”

“வாய மூடிக்கிட்டு தண்ணிய ஏத்துங்க இஸ்கந்தர்” என்றார்.

நான் அதற்கு விழுங்கி என்று பெயர் வைத்தேன். தினமும் அதற்கு உயிரோடு சளி வேண்டும். செத்ததைத் தொடாது, அவ்வளவு கௌரவம். படித்துறையில் இறங்கிச் சளியைப் பிய்யாமல் சொம்பில் மொண்டுவர வேண்டும், கிண்ணங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மூன்று பேர் வந்து, வாளியை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவதாகத் தாவூஸ் அக்கா வந்து நின்றபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

“சிரிக்காத தம்பி” என்றார் அக்கா. பிறகு டாக்டரைப் பார்த்து, “இது பொழச்சா எங்க வீட்டுக்காரர் படகு பொழைக்குமா?”

“பொழைக்கும்னுதான் நம்புறேன்.”

“அப்ப நான் செய்றேன். ஆனா இந்தக் கருமம் என் மேல பட்டா கழுவுவேன். அதக் கேக்கக் கூடாது.”

“உங்கள நீங்க எவ்வளவு வேணா கழுவிக்கங்க. கிண்ணத்த மட்டும் கடல் தண்ணியிலதான் கழுவணும். குழாய்த் தண்ணி ஒரு சொட்டு உள்ள போனாலும் எல்லாம் செத்துரும். அதுல மருந்து கலக்குறாங்க.”

அக்கா தலையாட்டினார். அன்றைக்கு முதல் ஆறு வாரம் நான் பார்த்ததை ஊரில் யாரும் பார்க்கவில்லை. கதவுப் பிடியைத் தொடக் கூசுகிற பொம்பளை, இடுப்பளவு தண்ணீரில் நின்று சளியைத் தண்ணீரோடு சேர்த்து இரண்டு கையாலும் ஏந்திச் சொம்பில் விட்டார். முகம் கோணும், தொண்டை ஏறி இறங்கும், சில நாள் படித்துறையிலேயே ஓங்கரிப்பார். சொம்பு மட்டும் சாயாது. வேலை முடிந்ததும் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து முழங்கை வரைக்கும் தேய்ப்பார், தேய்ப்பார், தேய்த்துக்கொண்டே இருப்பார். வெடிப்புகள் ஆழமாயின. கடல் தண்ணீர் பட்டு எரியும்போது பல்லைக் கடிப்பார். கிண்ணத்தை மட்டும் கடல் தண்ணீரில்தான் அலசினார். ஒருநாள்கூடத் தவறவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஒருநாள்கூட.

விழுங்கி சாப்பிடுவதை நான் ஒரு தடவை பார்த்தேன், அதோடு சரி. சளி பக்கத்தில் வந்ததும் பை வாயை அகலமாகத் திறந்து, தன் அளவுக்கே இருக்கிற இன்னொன்றை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே போனது கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி அப்படியே தெரிந்தது. கொஞ்சம் துடித்தது, மங்கியது, கூழானது. நான் அன்றைக்கு மத்தியானம் கொண்டுவந்த சோற்றையும் பூண்டு ஊறுகாயையும் நாய்க்குப் போட்டேன். அக்காவோ கிண்ணத்துக்கு மேல் குனிந்து, “தின்னு, நல்லாத் தின்னு, அதோட வம்சத்தையே தின்னு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருவருப்பில் கண்ணில் தண்ணீர், வாயில் தாலாட்டு மாதிரி அந்தப் பேச்சு.

இலையுதிர் காலம் தொடங்கும் மெஹர் மாதம் பாதியில் விழுங்கிகள் முட்டை போட்டன. மறுநாளே குஞ்சு. கடுகில் பாதி இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். டாக்டர் அறுபத்திரண்டு குஞ்சுகளை எண்ணினார். எண்ணி முடித்ததும் வெளியே போய், மறைக்காமலே ஒரு சிகரெட் பிடித்தார்.

அக்கா ஓட்டமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அண்ணன் உடனே நம்பிவிடவில்லை.

“ஏழு நாள்னுதானே சொன்னாங்க? ஏழாம் நாள் மத்தியானம் நானே வந்து கேக்குறேன். உசுரோட இருந்தா படக சுரண்டித் தார் பூசுறேன், எங்கயும் போகல. செத்துருந்தா அன்னிக்கே என்ஜின ஏத்தி அனுப்பிட்டு பஸ் ஏறுறேன். அதுக்கப்புறம் என்னைப் பிடிச்சு வைக்கக் கூடாது.”

“சரி” என்றார் அக்கா. வேறு என்ன சொல்வார்?

நாலாம் நாள் டாக்டரைத் தெஹ்ரானுக்கு வரச் சொல்லி அவசரமாகக் கூப்பிட்டார்கள். மேலிடத்தில் யாருக்கோ படம் போட்டுக் காட்ட வேண்டுமாம். குஞ்சுகள் அப்போது ஐம்பத்தேழு. குழந்தையை ஒப்படைப்பது போல எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்படைத்தார். காலையில் எண்ணிக்கையை நோட்டில் எழுத வேண்டும். அக்காவுக்கு எண் எழுதத் தெரியும், அது போதும் என்றார்.

ஐந்தாம் நாள் காலை நான் தண்ணீர் கொண்டுபோனபோது அக்கா விளக்கைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்று தடவை எண்ணினார்.

“முப்பத்தொண்ணு தம்பி.”

“சரியா எண்ணுனீங்களா?”

“நீ எண்ணு.”

எண்ணினேன். முப்பதுதான் வந்தது எனக்கு. மீதி கிண்ணத்தின் அடியில் தூசி மாதிரி படிந்திருந்தது. அக்கா தண்ணீரை மாற்றினார், தீனியைக் குறைத்தார், கூட்டினார், கிண்ணத்தை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தார். ஆறாம் நாள் எட்டு. அந்த எட்டும் சுழலாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தன. யாரும் எதையும் தப்பாகச் செய்யவில்லை. எங்கள் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எங்கள் கடல், அதைக் கெடுக்க வந்ததை வாழவைத்தது, காப்பாற்ற வந்ததைக் கொன்றது. சொல்லப்போனால் அன்றைக்கு எனக்குச் சளியைவிடக் கடல் மேல்தான் வெறுப்பு வந்தது.

ஏழாம் நாள் காலை கிண்ணத்தில் ஒன்றும் அசையவில்லை.

அக்கா அழவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “ரப்பர் இருக்கா?” என்று கேட்டார்.

“எதுக்கு?”

“இருக்கா இல்லையா?”

டாக்டரின் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தொன்றை அழித்துவிட்டு ஐம்பத்தாறு என்று எழுதினார். எட்டை அழித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினார். வெடிப்பிலிருந்து ரத்தம் பட்டுத் தாளின் ஓரம் கறையாகிவிட்டது. அந்தக் கறையை அவர் துடைக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. ரத்தத்தைத் துடைக்காத தாவூஸ் அக்காவை நான் பார்த்ததே இல்லை.

“அக்கா, இது டாக்டரோட நோட்டு. விளையாட்டு இல்ல.”

“கடல் தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சா அவர் இன்னிக்கே பஸ் ஏறிருவாரு. அப்புறம் எந்த நம்பிக்கையில நிப்பாரு? நான் கொன்னேன்னு தெரிஞ்சா கடல் மேல தப்பில்ல. அடுத்த வருஷம் மறுபடி கொண்டு வந்து பாக்கலாம்னு இருப்பாரு.”

“ஊரு உங்கள நாறடிக்கும்.”

“நாறட்டும்.”

நாறட்டும் என்று அவர் வாயால் சொன்னார். நான் வெளியே வந்து பம்பைப் போட்டேன்.

மத்தியானம் ஷாபான் அண்ணன் வாசலுக்கு வந்தார். பின்னாலேயே என்ஜின் வாங்க வந்தவனின் லாரி நின்றது. அண்ணன் உள்ளே வரவில்லை, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கைகளை முன்னால் நீட்டியபடி நடந்து போனார்.

“நேத்து வரைக்கும் அம்பத்தஞ்சு உசுரோட இருந்துச்சுங்க. என் கை வெடிப்புல இருந்து கிண்ணத்து மேல ரத்தம் சொட்டிருச்சு. எனக்கு மனசு கேக்கல. குஞ்சுகள வேற கிண்ணத்துல எடுத்து வச்சிட்டு, ரத்தம் பட்ட கிண்ணத்தத் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன். நல்ல தண்ணி. கடல் தண்ணி விட்டு அலச மறந்துட்டு அப்படியே திரும்ப விட்டுட்டேன். காலையில எல்லாம் செத்துக் கிடக்கு.”

அண்ணன் அவர் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளைப் பார்த்தபின் யார் சந்தேகப்படுவார்கள்?

“கழுவுனியா?”

“கழுவிட்டேன்.”

“கடலே போச்சு, உனக்குக் கழுவணும்.” அவர் கேட்டுக் கம்பியை உலுக்கினார். “ஆறு நாள் இருந்துச்சே! நம்ம தண்ணியில ஆறு நாள் இருந்துச்சே! பாவி, ஒரு நாள் உன்னால கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலயா? மனுஷியா நீ?”

அண்ணன் கேட்டை உதைத்தார். லாரிக்காரனிடம் போய், “என்ஜின் இல்ல, போய்யா” என்று கத்தினார். அவன் ஏதோ முணுமுணுத்தபோது கல்லைக் குனிந்து எடுத்தார். லாரி போய்விட்டது.

டாக்டரிடம் அக்காவே தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கத்துச் சத்தம் முற்றம் வரை கேட்டது. மறுநாள் டாக்டர் வந்து, நோட்டைப் பார்த்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைக் கண்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆறு நாள் ஐம்பத்தைந்து உயிரோடு இருந்திருக்கின்றன, கழுவியதால்தான் செத்தன, அடுத்த இலையுதிர் காலத்தில் மறுபடி செய்வோம், வேறு ஆளை வைத்து. அப்படித்தான் அவரும் நம்ப விரும்பினார். எல்லோருக்கும் அதுவே வசதியாக இருந்தது. பழியை ஒரு பொம்பளையின் கை மேல் போட்டால் கடல் பிழைத்துக்கொள்ளும் என்றால், யார்தான் வேண்டாம் என்பார்கள்? நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அக்காவின் வேலை போனது.

ஊர் சும்மா விடுமா? ரொட்டிக் கடையில் அக்கா வரிசையில் நின்றால், “தள்ளி நில்லுங்க, ரொட்டியக் கழுவிருவாங்க” என்றார்கள். மீனவர் வீட்டுப் பொம்பளைகள் அவரைப் பார்த்தால் தலைத்துணியை இழுத்து மூக்கை மூடினார்கள். யாரோ அவர் வீட்டு வாசலில் ஒரு வாளிச் சளியைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதை அக்காவே வாரினார். அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போவார். ஆனால் போவது படகுக்கு. காலையிலிருந்து இருட்டும் வரை அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார், நிழலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினால் நிறுத்தி நிறுத்தி. தெற்கே போகும் பேச்சே இல்லை.

இப்படி ஐந்து வாரம் போனது. ஒரு சாயங்காலம் துறைமுகத்து டீக்கடையில் நான் பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டியை வைத்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஷாபான் அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தார். டீ சொல்லவில்லை. கையெல்லாம் தார். கடையில் எட்டுப் பேராவது இருந்திருப்பார்கள், எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“இஸ்கந்தர், ஒண்ணு கேக்குறேன். மழுப்பாம சொல்லு.”

“கேளுங்கண்ணே.”

“ரோட்டு வேலை செய்ற ரமஸான இன்னிக்குப் பாத்தேன். உங்க கூடத்துத் தெருவுல குடிதண்ணிக் குழாயை உடைச்சுட்டோம், ரெண்டு நாள் தண்ணியே போகலன்னு சொன்னான். எந்த ரெண்டு நாள்னு விசாரிச்சேன். அவ கழுவுனேன்னு சொன்ன நாளும் அதுக்குள்ளதான் வருது.” அவர் முன்னால் குனிந்தார். “தண்ணியே வராத குழாயில அவ எப்படிக் கழுவுனா? நீ அங்கதானே இருந்த? அதுங்க தானா செத்துச்சா? நம்ம தண்ணி ஆகலையா? உண்மையச் சொல்லிரு. நான் கெளம்பிப் போறேன்.”

நான் டீயைக் கீழே வைத்தேன். ரமஸான் சொன்னது சத்தியம். அந்த இரண்டு நாளும் குழாயில் காற்றுதான் வந்தது. குடிக்கக்கூட அடுத்த தெருக் குழாயிலிருந்து நான்தான் கேனில் தண்ணீர் சுமந்தேன். அக்கா அவசரத்தில் அதை மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. தெற்கே இந்த உதட்டோடு குழாய் தூக்கப்போகிறார். எத்தனை நாள் தாங்குவார்? ஒரு வாரம்?

எனக்கு நல்லவன் என்று பெயரெடுக்க ஆசை கிடையாது. சொல்லிவிட்டால் என் பங்குக்குத் தப்பித்துவிடுவேன் என்பதும் தெரிந்தது. ஆனால் சளியைக் கையில் ஏந்தி ஓங்கரித்துக்கொண்டு நின்ற அந்தப் பொம்பளைதான் கண் முன்னால் வந்தார்.

“குழாயில வரலண்ணே” என்றேன். “கேன் தண்ணியில கழுவுனாங்க. அவங்க கை ரத்தமா இருந்துச்சு, கேனைத் தொட மாட்டேன்னாங்க. நான்தான் சொம்புல மொண்டு ஊத்துனேன்.”

“நீயா?”

“நான்தான்.”

“எத்தன தடவ ஊத்துன?”

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்: ஓடுகிற குழாயில் பாத்திரத்தை ஒரு தடவை காட்டினால் போதும், சொம்பில் மொண்டு ஊற்றுவதென்றால் மூன்று தடவை ஊற்றினால்தான் தீட்டுப் போகும். ஊற்றாதவன் இதில் தடுமாறுவான். தாவூஸ் அக்காவுக்கு ஊற்றியவன் தடுமாற முடியாது.

“மூணு” என்றேன். “மூணாவதுல கேன் காலியாயிருச்சு. இன்னும் ஊத்துன்னாங்க. தண்ணி இல்லன்னு சொன்னேன்.”

இன்னும் ஊத்து என்பது அக்கா சொல்லக்கூடிய வார்த்தைதான். அண்ணன் நம்பிவிட்டார். நம்புவது அவர் முகத்தில் மெதுவாக ஏறியது. எழுந்து நின்றார், தொண்டையைச் செருமிக் காறி, என் முகத்தில் துப்பினார். கன்னத்தில் வழவழவென்று இறங்கியது. ஆறு வாரம் அந்தச் சனியனைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான், அதே வழவழப்பு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“தடுக்க வேண்டியவன் ஊத்திக் குடுத்திருக்க. தூ! அவளுக்காவது கிறுக்கு. உனக்கு என்னடா கேடு?” அவருக்கு மூச்சு இரைத்தது. “அடுத்த வருஷம் அந்தக் குஞ்சுங்க வரும்போது வாசல்ல நான் உக்காந்திருப்பேன். நீயோ அவளோ அந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்க, கால ஒடிச்சுருவேன்.”

அடுத்த வருஷம் என்றார். நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிண்ணே” என்றேன்.